‘சுரண்டு’ என்னும் வினைக்கு ஓர் எழுவாய்

1

இக்கதை என் கழுத்தில் தொடங்கியது. அதை மறைத்துக் காவிரியில் தொடங்கியதாகச் சொன்னால் அழகாக இருக்கும்; உண்மையாக இராது.

சென்ற மாசியில் என் கழுத்து இடப்புறம் திரும்ப மறுத்தது. கரும்பலகைக்கும் வகுப்புக்குமாக நெடுங்காலம் திரும்பித் தேய்ந்த தமிழாசிரியையின் கழுத்து அது. தஞ்சாவூரில் என் தங்கை மகள் அழைத்துச் சென்ற இடம் மருத்துவமனையும் அன்று, அழகு நிலையமும் அன்று. இரண்டுக்கும் நடுவே ஏ.சி. போட்ட ஏதோ ஒன்று. அங்கே ஒரு பெண் என்னைக் குப்புறப் படுக்கவைத்து எண்ணெய் தடவினாள். பிறகு பச்சைக் கல் ஒன்றைக் கழுத்தில் அழுத்தித் தோள்வரை இழுத்தாள், மீண்டும் இழுத்தாள்.

“இது சைனீஸ் தெரபி மேடம். குவா ஷா. ரொம்பப் பழசு. கழுத்து வலி, தலைவலி, சளி, எல்லாத்துக்கும் கேக்கும்.”

“தமிழ்ல இதுக்கு என்ன பேரு?”

“தமிழ்லயா? பேரு வைக்கல மேடம்.”

“சுரண்டல்” என்றேன்.

கல் நின்றது. “ஐயய்யோ, மெதுவாச் சொல்லுங்க மேடம். பக்கத்து ரூம்ல கஸ்டமர் இருக்காங்க. இங்க சுரண்டுறாங்கன்னு கேட்டா எந்திரிச்சு ஓடிடுவாங்க.”

அவள் பதறியது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு சொல்லுக்கு அஞ்சுகிறவர்கள் அருகிவிட்ட காலம் இது. எழுந்து உட்கார்ந்ததும் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்து, முன்னாலிருந்த கண்ணாடியில் என் முதுகை எனக்கே காட்டினாள். கழுத்திலிருந்து இரு புறமும் செந்நிறக் கோடுகள் இறங்கியிருந்தன. பார்க்கிறவர்கள் என்னை யாரோ அடித்ததாக நினைப்பார்கள்.

இவ்விடத்தில்தான் கதை பிறந்தது. இத்தகைய கோடுகளை நான் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், வேறொருத்தியின் முதுகில். அவற்றுள் சில கோடுகள் நோய் தீர இழுக்கப்பட்டவை. சில

[இவ்வாக்கியத்தை இப்போது முடிக்க மாட்டேன். முடித்தால் கதையின் உயிர் முதல் பக்கத்திலேயே போய்விடும்.]

2

தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: “காவிரி கடலைத் தேடிக் களைத்து நடக்கும் கடைமடையில், பச்சைப் பட்டு விரித்தாற்போல…” கைவிடுகிறேன். நெல்வயலைப் பட்டு என்று எழுதுகிறவர் அதில் குனிந்து நாற்று நட்டவர் அல்லர். நானும் நட்டவள் அல்லள். ஆயினும் பொய் சொல்லாதிருக்க நட்டிருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் தொடக்கம்: “கோட்டையில் ஆட்சி மாறியது, குடிசையில் எதுவும் மாறவில்லை.” இதையும் கைவிடுகிறேன். ஓசை இருக்கிறது, நேர்மை இல்லை. சில மாறின. அவற்றுள் ஒன்று இக்கதைக்கு மிகவும் வேண்டியது. அஃது ஏழாம் பகுதியில் வரும்.

மூன்றாம் தொடக்கம்: “சைத்தூன் பீவியிடம் ஒரு பீங்கான் கரண்டி இருந்தது.”

இது நிற்கும். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, பொருள் இருக்கிறது. இதிலிருந்து தொடங்குகிறேன்.

3

சைத்தூன் பீவியிடம் ஒரு பீங்கான் கரண்டி இருந்தது. பினாங்கில் கணவர் வைத்திருந்த சாப்பாட்டுக் கடை அவர் இறப்போடு முடிந்துபோக, கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கிய அவர், கீழ்வேளூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் தம் தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தார். [ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவ்வூரார் ‘எங்கள் ஊரிலா?’ என்பர், பக்கத்து ஊரார் ‘நல்லவேளை’ என்பர். இரண்டும் எனக்கு வேண்டா.] நான் அப்போது கீழ்வேளூர்ப் பள்ளியில் வேலை பார்த்தேன், அவருடைய வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தேன்.

காய்ச்சல் வருவதுபோல் உடம்பு கனத்தால், வெயிலில் தலை இடித்தால், நடவு நட்டு இடுப்பும் தோளும் இறுகினால், ஊர்ப் பெண்கள் அவரிடம் போவார்கள். அவர் முதுகில் நல்லெண்ணெய் தடவி, கரண்டியின் விளிம்பால் மேலிருந்து கீழாக அழுத்தி இழுப்பார். தோல் கிழியாது, உள்ளிருந்து செம்புள்ளிகள் எழும்பிக் கோடாகும். மறுநாள் வலி குறைந்திருக்கும். இரண்டொரு நாளில் கோடும் மறையும். ஊர்ப் பெண்கள் இதற்குத் தாமாகவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: கோடு இழுத்தல். “பீவிம்மா, ஒரு கோடு இழுத்து விடுங்க” என்றபடி வருவார்கள்.

சைத்தூன் பீவியைப் பற்றி எழுதியதைப் படித்துப் பார்த்தபோது எனக்கே ஐயம் வந்தது. இவ்வளவு நல்லவர் ஒருவர் கதைக்கு ஆகார். எனவே சொல்லிவிடுகிறேன்: அவர் நல்லவர் அல்லர். வாய் கூர்மை. பினாங்கைப் பற்றி யாரும் கேட்காவிட்டாலும் பேசுவார். சேற்றுக் காலோடு வந்தவர்களைக் கொல்லைக் கிணற்றடிக்குத் திருப்பி அனுப்புவார். ஒருமுறை தலைவலியோடு நான் போனேன்.

“டீச்சர், முதுகைத் தளர விடுங்க. பிரம்பை முழுங்குனவங்க மாதிரி உக்காந்தா எப்படி? உங்க வலி தலையில இல்ல. நீங்க திருத்துறதுல இருக்கு.”

“இதை யாரிடம் கத்துக்கிட்டீங்க?”

“பக்கத்து வீட்டுச் சீனத்திக்கிட்ட. எம்மவனுக்குக் காய்ச்சல்னா அவதான் ஓடியாருவா. நம்மூருல பக்கத்து வீட்டுக்காரி வாராளா, சொல்லுங்க?”

நான் வந்திருக்கிறேன் என்பதைச் சுட்டிக்காட்டினேன்.

“நீங்க வைத்தியத்துக்கு வந்தீங்க. அது கணக்குல வராது.”

“அந்தச் சீனப் பெண்ணுடைய பெயர்?”

“ஆ மோயின்னு கூப்பிடுவோம்.”*

(* பல்லாண்டு கழித்தே அறிந்தேன்: ‘ஆ மோய்’ என்பது பெயரன்று, ‘சின்னப் பெண்ணே’ என்பதுபோன்ற விளி. அவளுடைய பெயரை யாரும் கேட்டிருக்கவில்லை. இக்கதையில் காணாமற்போன முதல் எழுவாய் அவள்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடு இழுக்க வேண்டுமானால் முதுகைத் தொட வேண்டும். சேரித் தெருவிலிருந்து வந்த பெண்களின் முதுகை அவ்வூரில் வேறு எந்தத் தெருவின் கையும் பரிவோடு தொட்டதில்லை. சைத்தூன் பீவி தொட்டார். இதைப் புரட்சி என்று அவர் நினைக்கவில்லை. தொடாமல் அடிக்க முடியும். தொடாமல் கோடு இழுக்க முடியாது. அவ்வளவே.

4

இனி வேம்பு.

வேம்பு என்று ஒருத்தி இல்லை. நானறிந்த பெண்கள் சிலரைச் சேர்த்து அவளைச் செய்திருக்கிறேன். ஒருத்தியின் நடை, இன்னொருத்தியின் சிரிப்பு, மற்றொருத்தியின் பிடிவாதம். வேம்பு புனைவு. முதுகு புனைவன்று.

[அச்சகத்தாருக்கு: ‘வேம்புவை’, ‘வேம்புவின்’ என்று திருத்த வேண்டா. இது குற்றியலுகரம், உகரம் கெடும். வேம்பை, வேம்பின் என்பனவே சரி. எளியவள் ஒருத்தியின் பெயரையாவது பிழையின்றி எழுதுவோம்.]

அவள் பண்ணையில் நடவு நடும் கூலியாள், கணவன் இல்லை, விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முன்வரிசை. அந்த ஆண்டு அறுவடைக் கூலிக்காகச் சங்கத்தார் ஊர்வலம் போனார்கள். கொடிகள் சைத்தூன் பீவியின் வாசலைக் கடந்தன. “சுரண்டல் ஒழிக! சுரண்டும் கூட்டம் ஒழிக!” என்று தெரு அதிர்ந்தது.

சைத்தூன் பீவி கதவைச் சாத்தினார். பீங்கான் கரண்டியை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்தார்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. பண்ணையின் காரியக்காரன் இராஜாங்கம், அவரை எங்கே கண்டாலும் “என்ன, சுரண்டல் வைத்தியம் எப்படி நடக்குது?” என்று கேட்பான். ஊரில் அச்சொல்லைச் சொன்னவன் அவன் ஒருவனே. இப்போது தெருவே சொல்லிக்கொண்டு போகிறது.

மறுநாள் காலையில் வேம்பு வந்து கதவைத் தட்டினாள்.

“கதவத் தொறங்க பீவிம்மா. கழுத்து பிடிச்சிக்கிச்சு.”

“ஏன் தொறக்கணும்? நேத்து என்னைய ஒழிக்கணும்னு கத்திட்டுப் போன வாயி, இன்னிக்கு எந்த முதுகைக் காட்டப்போவுது?”

“யாரு கத்துனா?”

“நீதாண்டி. முன்னாடி நின்னு. கையத் தூக்கி. சுரண்டல் ஒழிகன்னு. அந்த இராஜாங்கம் சொல்றான், சரி, அவன் வாயி சாக்கடை. நீங்களுமாடி? ஒரு கரண்டியால உங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு?”

கதவுக்கு வெளியே ஒரு கேவல் கேட்டது. அழுகிறாளோ என்று சைத்தூன் பீவி கதவைத் திறந்தார். வேம்பு வாசற்படியில் உட்கார்ந்து, கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, சிரிக்கக்கூட முடியலியே, இழுக்குதே… பீவிம்மா, அது உங்களையில்ல. பண்ணையைச் சொன்னது.”

“பண்ணையாரு யாரு முதுகைச் சுரண்டுனாரு? அவரு கையில கரண்டியே கெடையாதே.”

“அவரு கரண்டியில்லாமயே சுரண்டுவாரு.”

சைத்தூன் பீவி யோசித்தார். “அப்ப ஏன்டி ரெண்டுக்கும் ஒரே பேரு?”

“நாங்க ஒங்களுக்கு அந்தப் பேரு வைக்கலியே. நாங்க கோடுன்னுதான சொல்றோம். அந்தப் பேரு அவன் வச்சது.”

“அவன் பேரை எனக்கு வச்சிட்டானா?”

“ஆமா. அவனுக்கு வேணாம்னு.”

அரிசிப் பானையிலிருந்து கரண்டி வெளியே வந்தது.

[நண்பர் ஒருவர் இப்பகுதியைப் படித்து, ‘இப்படி ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வாரா? நம்ப முடியவில்லையே’ என்றார். அவருக்கு என் விடை: ஒரு சொல்லை அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வது பிழையன்று. தேங்காயைச் சுரண்டுகிறோம், பானையின் அடியைச் சுரண்டுகிறோம். மனிதரைச் சுரண்டுவது என்பதுதான் பின்னால் வந்த பொருள். சைத்தூன் பீவி அகராதியை வரிசைப்படி படித்தார், அவ்வளவுதான்.]

5

இப்பகுதியை எழுத நான் விரும்பவில்லை. எனினும் இஃதில்லாமல் கதை இல்லை.

பிறர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருப்பவருக்கு அந்த மனையே உரிமையாகும் என்று அந்நாளில் சட்டம் வந்தது. வேம்பின் குடிசை பண்ணை நிலத்தில் இருந்தது. விசாரணை நடந்து பெயர் ஏறும்போது அவள் அங்கே குடியிருந்தால் மனை அவளுக்கு, குடியிராவிட்டால் பண்ணைக்கு. ஆகவே அதற்குமுன் அவளை அங்கிருந்து கிளப்பிவிட வேண்டும் என்று இராஜாங்கம் முடிவு செய்தான்.

அன்று அவளுக்கு உடம்பு கொதித்தது. முதல் நாள்தான் சைத்தூன் பீவி தோளிலிருந்து விலாவரை கோடு இழுத்து, ‘நாளைக்கு வெயில்ல எறங்காத’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் வேம்பு வேலைக்குப் போகாமல் குடிசையில் படுத்திருந்தாள். கீற்றைப் பிரிக்க ஆள்களோடு வந்த இராஜாங்கம், குடிசை காலியாக இருக்கும் என்று எண்ணியிருந்தான். அவள் எழுந்துவந்து வாசலை மறித்தாள்.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? ‘வேம்பு தாக்கப்பட்டாள்’ என்று எழுதலாம். செய்தித்தாள் அப்படித்தான் எழுதும். ‘அடி விழுந்தது’ என்று எழுதலாம். அடி என்ன, பனம்பழமா, தானே விழுவதற்கு? எனவே ஒரே ஒருமுறை, செய்வினையில் எழுதுகிறேன்.

இராஜாங்கம் புளிய மிளாறால் வேம்பை அடித்தான்.*

(* கணக்கும் காரியமும் பார்க்கும் பெரிய மனிதரை ‘அடித்தார்’ என்று எழுதுவதே மரபு எனச் சிலர் நினைவூட்டக்கூடும். மரியாதை விகுதியை எங்கே சேர்ப்பது, எங்கே விடுப்பது என்பதை நான் அறிவேன். வாழ்நாள் முழுதும் அதைத்தான் கற்பித்தேன். இங்கே விடுக்கிறேன்.)

அவள் வாசலை விட்டு நகரவில்லை. அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். சங்கத்துப் பக்கிரி வந்தார். கீற்று பிரிபடவில்லை. அடுத்த நாள் புகார் எழுதப்பட்டது

[எழுதப்பட்டது அன்று. பக்கிரி எழுதினார். பார்த்தீர்களா, செயப்பாட்டுவினை எவ்வளவு எளிதாக உள்ளே நுழைகிறது? என் கைக்கே காவல் தேவைப்படுகிறது.]

6

புகாரை விசாரிக்க அதிகாரி வருவதற்குள் ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியது. வேம்பை யாரும் அடிக்கவில்லை. அவள் முதுகில் இருப்பது பீவியின் ‘சுரண்டல்’ தடம். பண்ணையின்மேல் பழி போட்டு மனையைப் பறிக்கப் பார்க்கிறாள். முதுகைப் பார்த்த நர்சம்மா ‘சிவந்த கோடுகள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பொய்ப் புகார் என்று முடிவானால் அவளுடைய வேறெந்தச் சொல்லும் ஏறாது. ‘இங்கேதான் குடியிருக்கிறேன்’ என்ற சொல்லும்தான்.

[துப்பறியும் கதை படித்துப் பழகியவர்கள் இங்கே கையைத் தூக்குவீர்கள்: கோடு இழுத்த தடம் ஒழுங்காக இருக்கும், அடித்த தடம் தாறுமாறாக இருக்கும், பார்த்தால் தெரிந்துவிடாதா? தெரியாது. விலாவில் இழுத்தவை சாய்ந்தே இருந்தன. அவள் திமிறியதால் மிளாறும் எல்லாத் திசையிலும் பட்டது. தவிர, முதுகு பதில் சொல்லும் என்று காத்திருக்கும் கதையை நான் எழுதவில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள்.]

இராஜாங்கம் சைத்தூன் பீவியின் வாசலுக்கு வந்தான். இம்முறை சிரிக்கவில்லை, குரலில் வெல்லம்.

“பீவி, உன்னை யாரும் பொய் சொல்லச் சொல்லல. முந்தின நாளு அவ முதுகுல சுரண்டுனியா, இல்லையா?”

சைத்தூன் பீவி வாசற்படியைக் கூட்டத் தொடங்கினார்.

“சுரண்டுனேன்னு சொல்லு. அவ்வளவுதான். உண்மையைச் சொல்றதுக்கு என்ன கஷ்டம்? உங்க மார்க்கத்துலயும் அதத்தான சொல்லியிருக்கு?”

“எங்க மார்க்கத்துல என்ன சொல்லியிருக்குன்னு நீங்க எனக்கு ஓதிக் காட்ட வேணாம்.”

“கோச்சுக்காத. வாய்க்கால்ல குளிக்கிறவங்க மடைக்காரனைப் பகைச்சுக்கக் கூடாது. அதத்தான் சொல்ல வந்தேன்.”

அவன் போன பிறகு வேம்பு வந்தாள். முதுகு ரவிக்கையில் படாதபடி குனிந்து உட்கார்ந்தாள். சைத்தூன் பீவி தேங்காயெண்ணெயை எடுத்துவந்தார், கரண்டியை எடுக்கவில்லை.

“பீவிம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேக்காத.”

“கோடு இழுக்கலன்னு சொல்லுங்கன்னு பக்கிரியண்ணன் கேக்கச் சொன்னாரு. நான் கேக்க மாட்டேன்னுட்டேன்.”

“நீ கேட்டாலும் சொல்ல மாட்டேன். இழுத்தவ இழுத்தேன்னுதான் சொல்லுவேன்.”

வேம்பு தலையசைத்தாள். “அப்ப என் வூடு போயிரும்.”

“போவாது.”

“எப்படிப் போவாது?”

“எனக்கென்னடி தெரியும்? வாய மூடிக்கிட்டுக் குனி.”

இதுதான் கதையின் முடிச்சு. உண்மையைச் சொன்னால் பொய் வெல்லும்; பொய் சொன்னால் உண்மை அசிங்கப்படும். இம்முடிச்சைப் போட்டுவிட்டு நான் எழுதாமல் இருந்தேன். என் கழுத்து மீண்டும் பிடித்துக்கொண்டது. தஞ்சாவூரில் அப்பெண்ணிடம் மறுபடி போனேன். பச்சைக் கல்லால் இழுத்துக்கொண்டே, “மேடம், டென்ஷன் இருந்தா இப்படித்தான் கட்டிக்கும். என்ன யோசிக்கிறீங்க?” என்றாள்.

“ஒருத்தி வீடு போகாம எப்படிக் காப்பாத்துறதுன்னு யோசிக்கிறேன்.”

“நல்ல வக்கீலாப் பாருங்க மேடம்” என்றாள்.

7

வக்கீல் இல்லை. ஊர்ச் சாவடி, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அதிகாரி. இளையவர், வெள்ளைச் சட்டை, வேலைக்குப் புதியவர். பெயர் தர மாட்டேன். அவர் கெட்டவரும் அல்லர். பக்கவாட்டில் பெஞ்சில் இராஜாங்கம். தரையில் வேம்பு. நிலைப்படியில், முக்காட்டை இழுத்துவிட்டபடி சைத்தூன் பீவி. வெளியே ஊர்.

நான் அங்கே இருந்தேனா என்று கேட்காதீர்கள். இருந்தேன் என்றால் இது சாட்சியம். இல்லை என்றால் இது கற்பனை. இரண்டில் எதை ஒப்புக்கொண்டாலும் உங்களுக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிடும்.

அதிகாரி கேட்டார்: “சைத்தூன் பீவிங்கிறது நீங்கதானே? முந்தின நாள் இந்தப் பொண்ணோட முதுகை நீங்க சுரண்டினீங்களா?”

இராஜாங்கம் பெஞ்சில் வசதியாகச் சாய்ந்தான்.

“கோடு இழுத்தேங்க” என்றார் சைத்தூன் பீவி. “காய்ச்சலுக்கு. கரண்டியால. அது உண்மை. இல்லேங்கல.”

வெளியே பக்கிரி தலையில் கை வைத்தார்.

“அதாவது, சுரண்டினீங்க.”

“இல்லீங்க. சுரண்டினது நானில்ல.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“ஒண்ணா இருந்தா ஊர்வலத்துல ‘கோடு ஒழிக’ன்னுல்ல கத்தியிருப்பாங்க?”

ஊர் சிரித்தது. அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார்.

“விளையாடாதீங்க.”

“விளையாடலீங்க ஐயா. ‘சுரண்டல் ஒழிக’ன்னு என் வாசல் வழியாத்தான் போனாங்க. என்னையத்தான் சொல்றாங்கன்னு நானே கதவைச் சாத்திக்கிட்டேன். மறுநாளு இவதான் சிரிச்சா. அது நீங்கயில்ல, அது பண்ணைன்னா. இவ்வளவு பேரு சேர்ந்து ஒருத்தருக்கு வச்ச பேரு. அதை நான் எப்படிங்க எடுத்துக்கிறது? நான் இழுத்த கோடு நான் இழுத்தது. மத்த கோடு யாரு போட்டதுன்னு கேளுங்க. என்னைய மட்டும் கேட்டா எப்படி? பெஞ்சுல உக்காந்திருக்கிறவங்களையும் கேக்கணுமில்ல?”

இராஜாங்கம் எழுந்தான். “ஐயா, இது…”

“உக்காருங்க” என்றார் அதிகாரி.

[இவ்விடையைச் சைத்தூன் பீவி வெள்ளையாகச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா? முன்பு செய்த பிழையை இப்போது அறிந்தே செய்தாரா? எழுதிய எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் முயல மாட்டேன். அவருக்கு அவ்வளவு தனிமையேனும் உண்டு.]

அதிகாரி எழுதினார். இப்போது, இரண்டாம் பகுதியில் சொன்ன அந்த மாற்றம். முன்பென்றால் அவர் ஆங்கிலத்தில் எழுதி மடித்துக்கொண்டு போயிருப்பார். ஆட்சி மாறி, அலுவலகங்களில் தமிழில் எழுத வேண்டும் என்றாகியிருந்தது. அவரும் தம் தமிழில் பெருமை கொண்டவர். எழுதியதை எழுந்து நின்று, மேடையில் பேசுவதுபோல் வாசித்தார்:

“வேம்பு என்பாரின் முதுகு சுரண்டப்பட்டிருப்பதாகத் தெரியவருகிறது.”

அழகான வாக்கியம். ஒற்றுப்பிழை இல்லை. என் வகுப்பில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். அவ்வாக்கியத்திற்குள் சைத்தூன் பீவி இல்லை, இராஜாங்கமும் இல்லை, கரண்டி இல்லை, மிளாறு இல்லை. ஒரு முதுகு தானாகவே நடந்துபோய் எங்கேயோ சுரண்டப்பட்டு வந்திருந்தது.

அப்போதுதான் தரையில் இருந்த வேம்பு எழுந்தாள்.

8

இனி முடிவுகள். சிலவற்றை எழுதிப் பார்த்தேன். உங்கள் முன்னேயே கிழிக்கிறேன்.

ஒரு முடிவு: சைத்தூன் பீவி அதிகாரியின் கழுத்துப் பிடிப்பைத் தம் கரண்டியால் தீர்த்து, இரு வகைத் தடத்துக்கும் வேறுபாடு காட்டுகிறார், அதிகாரி வியந்து தீர்ப்பளிக்கிறார். வாசகர் பெரிதும் விரும்புவர். கைவிடுகிறேன். நியாயம் கிடைக்க ஓர் ஏழை வித்தை காட்டியாக வேண்டுமோ?

இன்னொரு முடிவு: வேம்புக்கு மனை கிடைக்கிறது, குடிசை ஓட்டு வீடாகிறது, பேரப்பிள்ளைகள் படிக்கிறார்கள். அவ்வட்டாரத்தில் அப்படியும் நடந்தது. ஆனால் இதை எழுதினால் நீங்கள் மூச்சு விட்டுப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

மற்றொன்று: கிடைக்கவில்லை. “அந்த மனையில் இன்று ஒரு” என்று தொடங்கினேன். பேனா மறுத்தது. நானும் மறுத்தேன். அப்படியும் நடந்தது, ஆயினும் அதை என் கையால் முடித்துவைக்க மாட்டேன்.

9

வேம்பு எழுந்தாள். உடம்பு முழுவதும் நிமிர முடியவில்லை, முடிந்தவரை நிமிர்ந்தாள்.

“ஐயா, இன்னொரு தடவை படிங்க.”

அதிகாரி மீண்டும் வாசித்தார்.

“யாரு?”

“என்னம்மா?”

“சுரண்டப்பட்டிருக்குன்னீங்க. யாருன்னு அதுல இல்லியே.”

“அதெல்லாம் மேல பார்த்துக்குவாங்க. நீ உட்காரு.”

“மேல இருக்கிறவங்க என் முதுகைப் பாத்தாங்களா? நீங்க இங்க இருக்கீங்க. அவரு இங்க இருக்காரு. பீவிம்மா அவங்க இழுத்ததைச் சொல்லிட்டாங்க. மிச்சத்தை யாருன்னு எழுதுங்க.”

“உட்காருன்னு சொல்றேனில்ல?”

“நீங்க எழுதுங்க. உக்காருறேன்.”

நிலைப்படியிலிருந்த சைத்தூன் பீவி உள்ளே வந்தார். வேம்பின் பக்கத்தில் நின்றார். வெளியிலிருந்து பக்கிரி வந்தார். ஊரும் சிறிது சிறிதாக உள்ளே வந்தது. உட்கார இடமிருந்தும் யாரும் உட்காரவில்லை. சாவடியில் உட்கார்ந்திருந்தவன் இராஜாங்கம் மட்டுமே. அதிகாரி மெல்லத் தம் நாற்காலியில் அமர்ந்து, பேனா மூடியைக் கழற்றி, வாக்கியத்தின் தொடக்கத்தில் முள்ளை வைத்தார். இடம் விட்டு எழுதியிருந்தார், நல்ல வேளையாக.

இங்கே நிறுத்துகிறேன்.

வாசகரே, உங்களிடம் கெஞ்ச மாட்டேன். நான் கெஞ்சிப் பழகவில்லை. நான் கற்பித்த இலக்கணத்தில் வாக்கியத்தின் வினையைச் செய்தவர்க்குப் பெயர் எழுவாய். அதே சொல்லை ஒருத்தியைப் பார்த்துச் சொன்னால், ‘நீ எழுந்து நிற்பாய்’ என்று பொருள். வேம்பு தன் பங்குக்கு எழுந்துவிட்டாள். இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள், அவளுக்குக் காய்ச்சல் வேறு. செய்தவருடைய பெயரை எழுதினால்தான் உட்காருவாள்.

அதிகாரியின் வாக்கியத்தைச் செய்வினையாக மாற்றிக் கீழே தந்திருக்கிறேன். ஒற்று, விகுதி, நிறுத்தற்குறி எல்லாம் சரிபார்த்தாயிற்று. நிரப்ப வேண்டியது ஓரிடமே. பென்சிலால் எழுத வேண்டா.

________________ வேம்பின் முதுகைச் சுரண்டினான்.